கை மடக்காத குருவம்மா

எல்லாரும் படுத்தாச்சா? ம் கொட்டறவங்களுக்குத்தான் கதை. ம் நின்னா கதையும் நின்னுடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கள்ளியும் வேலமரமும் மட்டும் தானா முளைக்கிற ஒரு மேட்டில் ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்குப் பேரே கள்ளிமேடு. அங்கே குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். சின்ன வயசு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. புருஷன் உப்பு வண்டியோடு போனவன், போன இடத்திலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனான்.

குருவம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி கத்தினால் பயம். கதவு தட்டினால் பயம். யாராவது உரக்கப் பேசினால் கையும் காலும் வெடவெடன்னு ஆடும். குழந்தை ரெண்டு தும்மல் சேர்ந்தாற்போல் போட்டால் போதும், அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பயந்தாங்கொள்ளி கதையில் என்ன இருக்கப் போகுதுன்னு கேக்கறியா? இரு, சொல்றேன்.

கள்ளிமேட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே வேலைதான். ஏரி மந்திரியோட வெத்திலைக் கொடிக்காலுக்குத் தண்ணி ஊத்தற வேலை. ஏரி மந்திரின்னா யாரு? ராஜாவோட ஏரி, மடை, வாய்க்கால் எல்லாத்தையும் பார்த்துக்கிறவர். வெத்திலைக் கொடி இருக்கே, அதுக்குக் காலையிலும் தண்ணி வேணும், சாயங்காலமும் தண்ணி வேணும், காலடி எப்பவும் சொதசொதன்னு இருக்கணும். பொம்பளைங்க குடம் குடமா மொண்டு மொண்டு ஊத்துவாங்க. குழந்தைங்களைக் கொடிக்கால் ஓரத்துச் சேத்துல படுக்கப் போட்டிருப்பாங்க. குருவம்மா ஒரு நாள் திரும்பிப் பார்க்கிறாள், குழந்தை காதுல அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஐயோன்னு கத்திக்கிட்டு ஓடினாள். மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? "குடத்தைக் கீழ வெச்சியா? இன்னிக்குக் கஞ்சி கிடையாது."

அன்னையிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. இந்தக் கொடிக்காலை விட்டு வெளியே போகணும். எப்படிப் போறது, எங்கே போறது, அதுதான் தெரியலை.

அப்படி இருக்கும்போது ராஜாவுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ராஜா நல்லவர்தான். கொஞ்சம் அவசரக்காரர், கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியர், அவ்வளவுதான். அவர் சொன்னார்: "என் பிள்ளை நல்லா இருக்கணும். அதனால இந்த நாட்டுல ஒண்ணுமில்லாத பொம்பளை ஒவ்வொருத்திக்கும் செம்மறி ஆடு தானம் கொடுக்கப் போறேன். அவங்க பட்டி பெருகட்டும், என் பிள்ளை ஆயுசும் பெருகட்டும்."

அந்த நாட்டுல ஒரு வழக்கம் உண்டு, இதைக் கவனமாக் கேளுங்க. பொண்ணைக் கொடுத்தாலும் சரி, நிலத்தைக் கொடுத்தாலும் சரி, ஆடு மாட்டைக் கொடுத்தாலும் சரி, சும்மா வாயால கொடுத்தேன்னு சொன்னால் செல்லாது. கொடுக்கிறவர் மூக்கு வெச்ச கெண்டியில் தண்ணி எடுத்து, வாங்கறவங்க கையில் தாரை வார்க்கணும். வாங்கறவங்க விரலை மடக்கினாத்தான் கொடுத்தது கொடுத்ததாகும். அதுக்கு முன்னாடி கொடுக்கிறவர் கெண்டியை நிமிர்த்தக் கூடாது. வேற ஒருத்தர் கையில் மாத்தவும் கூடாது. நடுவுல நிறுத்தினால் தானம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

தானத்தன்னைக்கு அரண்மனை வாசல்ல கூட்டம்னா கூட்டம். ராஜா கெண்டியைக் கையில எடுத்தார். ஏரி மந்திரி காதோரம் வந்து, "மகாராஜா, இத்தனை கைக்கும் தண்ணி ஊத்தினா எத்தனை குடம் வீணாப் போகும்! வெயிலும் ஏறுது, உள்ளே இலை போட்டாச்சு. நாலு அட்சதையைத் தூவி அனுப்பிடலாம்"னு சொன்னார். இலை போட்டாச்சுன்னு காதுல விழுந்ததும் ராஜா கெண்டியைக் கீழே வெச்சிட்டார். அட்சதையைத் தூவினார், ஆட்டைக் கொடுத்தார், உள்ளே போயிட்டார். கூட்டத்துக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷத்துல அது பெரிசாத் தெரியலை. குருவம்மா கையில் ரெண்டு பெட்டை ஆட்டோட கயிறு. அவளுக்கு வேறென்ன வேணும்?

அப்புறம் மழைக்காலம் வந்தது. மேட்டுக்குக் கீழே மேய்ச்சக்காட்டுல ஒரு குட்டை உண்டு. ராஜாவோட பாட்டனார் காலத்துல ஏரியிலிருந்து அந்தக் குட்டை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி வெச்சிருந்தார். குட்டை நிறைஞ்சது, புல் முளைச்சது, ஆடுங்க மேய்ஞ்சது, குடிச்சது, குட்டி போட்டது. விதைப்புக் காலத்துல பக்கத்து ஊர்க்காரங்க வந்து, "ராத்திரிக்கு ஆட்டையெல்லாம் எங்க வயல்ல அடைச்சுக் கிடை போடுங்கம்மா, புழுக்கை விழுந்தா மண்ணுக்கு நல்லது"ன்னு தானியம் கொடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. குருவம்மா வீட்டுல ரெண்டு வேளை அடுப்பு எரிஞ்சது. குழந்தை கன்னத்துல சதை பிடிச்சது. ஒருத்தியும் கொடிக்கால் பக்கம் எட்டிப் பார்க்கலை.

எட்டிப் பார்க்கலைன்னா வெத்திலை என்னாகும்? வாடும். ஏரி மந்திரி பார்த்தார். மேஸ்திரியை அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒருத்தியும் வரலை. சரி, இவங்க சொந்தக் கால்ல நிக்கறதுனாலதானே வரமாட்டேங்கறாங்க, அந்தக் காலைத் தட்டிவிடறேன்னு சொல்லிட்டு, வாய்க்காலுக்கு நடுவுல, தன் கொடிக்காலைத் தாண்டினதும், பெரிய மண் கரை ஒண்ணு போட்டு அடைச்சார். வாய்க்கால்ல வர்ற தண்ணி பூராவும் இப்போ அவர் கொடிக்காலுக்கு. ஒருத்தரும் கை வைக்காதபடி மடையில் காவல் போட்டார்.

கோடை வந்தது. குட்டை சேறாச்சு, சேறு வெடிச்சது. ஊர்ல ஒரே ஒரு கிணறு, அதுல சுரக்கிறது கஞ்சி காய்ச்சத்தான் காணும். செம்மறி ஆட்டைப் பார்த்திருக்கியா, வெயில் தாங்கலைன்னா ஒண்ணு வயித்துக்கடியில இன்னொண்ணு தலையை விட்டுக்கிட்டு அப்படியே கும்பலா நிக்கும். கத்தக்கூடத் தெம்பில்லாம நின்னதுங்க. குருவம்மாவோட ரெண்டாவது ஆடு நிறைசினை. அதுவும் தலையைக் கவுத்துக்கிட்டு நின்னது.

பொம்பளைங்க எல்லாம் கூடி, யாராவது போய்க் கேளுங்கன்னாங்க. யாரும் அசையலை. குருவம்மா தன் ஆட்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், அந்த அட்டையை நினைச்சாள். "நான் போறேன்"னாள். மூக்காயின்னு ஒருத்தி, அவளுக்கு மூத்தவ, வாய் நீளம், "ஏடி, நீயா? மடைக்காவல்காரன் மீசையைப் பார்த்தாலே மயக்கம் போட்டு விழுவியேடி!"ன்னு சிரிச்சாள். குருவம்மா அதைக் காதுல வாங்கலை. குழந்தையை இடுப்புல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாள்.

முதல்ல மடைக்காவல்காரன் கிட்ட போனாள்.

"அண்ணே, மடையைக் கொஞ்சம் எங்க பக்கம் திறந்துவிடுங்கண்ணே. ஆடெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

"யாரு ஆடு?"

"எங்க ஆடுண்ணே."

"உங்க ஆடுன்னா நீங்கதான் தண்ணி காட்டணும். என் மாட்டுக்குத் தண்ணி காட்ட நான் உன்னையா கூப்பிட்டேன்? போம்மா, போய் மணியக்காரரைக் கேளு."

அங்கிருந்து மணியக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர்தான் ராஜாவுக்காக ஊர்க்காரியம் பார்க்கிறவர். எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எங்க குட்டைக்குத் தண்ணி விடச் சொல்லுங்கய்யா. ஆடு சாகப் போகுது."

"யாரு ஆடு?"

"எங்க ஆடுங்கய்யா."

"உங்க ஆடுன்னா நீங்கதான் தண்ணி காட்டணும். ஆடு கொடுன்னு ராஜா உத்தரவு போட்டாரு, கொடுத்தாச்சு. தண்ணி கொடுன்னு உத்தரவு வந்துச்சா? வரல. வராத உத்தரவை நான் எங்க போய்த் தேடறது?"

"ஆடு தண்ணி குடிக்கும்னு ராஜாவுக்குத் தெரியாதுங்களாய்யா?"

"ராஜாவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு நீ கணக்குப் பார்க்கிறியா? நாக்கு நீளுதே! போ, ஏரி மந்திரியைப் போய்க் கேளு!"

அவர் போட்ட சத்தத்துல குழந்தை வீல்னு அலறிச்சு. குருவம்மா குழந்தையை இறுக்கி அணைச்சுக்கிட்டாள். ஆனால் கால் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பலை, ஏரி மந்திரி பக்கம் திரும்பிச்சு.

ஏரி மந்திரி கொடிக்காலுக்குள்ளே நிழல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்தார். காலடியில வாய்க்கால் சலசலன்னு ஓடுது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே குருவம்மா கிட்ட போனாள்.

"சாமி, எங்க ஆட்டுக்குத் தண்ணி..."

"யாரு ஆடு?"

"எங்க ஆடு, சாமி."

"உங்க ஆடுன்னா நீங்கதான் தண்ணி காட்டணும்"னு சொல்லிட்டு, எழுந்து உட்கார்ந்து சிரிச்சார். "ஏ புள்ள, நான் என்ன ஈரமில்லாதவனா? நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் பழையபடி குடத்தைத் தூக்கிட்டு வேலைக்கு வாங்க. சாயங்காலம் போகும்போது ஆளுக்கு ஒரு குடம் எடுத்துட்டுப் போங்க. வேண்டாம்னா சொல்றேன்?"

"வேலைக்கு வந்துட்டா ஆட்டை யாரு மேய்ப்பாங்க சாமி?"

"அதான் நானும் சொல்றேன். உங்களுக்கெல்லாம் ஆடு எதுக்கு?"

இப்போ புரியுதா அவர் எண்ணம்? ஆடு செத்தால்தான் பொம்பளைங்க திரும்பி வருவாங்க. கொல்லணும்னு கத்தி எடுக்க வேண்டியதில்லை, தண்ணியை நிறுத்தினால் போதும்.

குருவம்மா ஊருக்குத் திரும்பினாள். திரும்பும்போதே அழுகைச் சத்தம். மூக்காயியோட குட்டி ஒண்ணு செத்துக் கிடக்கு. வாய் நீளமான மூக்காயி மடியில குட்டியைப் போட்டுக்கிட்டு, "வாங்கின நேரமே சரியில்லடி. ஒரு சொட்டு ஈரம் கையில பட்டுச்சா? காஞ்ச கையோட வாங்கினோம், காஞ்சே போகுது"ன்னு புலம்பினாள்.

குருவம்மா அப்படியே நின்னுட்டாள்.

"அக்கா, என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொன்னேன். தாரை வார்க்காமக் கொடுத்த ஆடு தங்குமான்னு சொன்னேன்."

"அப்போ... ராஜா இன்னும் ஆட்டைக் கொடுக்கவே இல்லையேக்கா."

"என்னடி உளர்ற? ஆடு இங்க நிக்குது."

"நிக்குது. ஆனா தண்ணி ஊத்தலை. நாம கை மடக்கலை. அப்போ இது நம்ம ஆடு இல்ல. ராஜா ஆடு. அக்கா, போன இடத்துல எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, யாரு ஆடுன்னு. நான்தான் தப்பாப் பதில் சொல்லிட்டேன்."

கூட்டம் கசமுசன்னு பேசிச்சு. ஒருத்தி கேட்டாள்: "போய்ச் சொன்னா ராஜா கோவத்துல ஆட்டைப் பிடுங்கிட்டா?" குருவம்மாவுக்கும் அந்தப் பயம்தான். பிடுங்கிட்டால் மறுபடி கொடிக்கால், மறுபடி சேறு, மறுபடி அட்டை. குழந்தையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டாள். அப்புறம் சொன்னாள்: "இங்க நின்னா செத்துத்தான் போகும். அங்க போனா பிழைச்சாலும் பிழைக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. வர்றவங்க வாங்க."

விடிஞ்சும் விடியாம, வெயில் ஏறதுக்குள்ள கிளம்பினாங்க. நிறைசினை ஆட்டால நடக்க முடியலை. ஒரு கம்புல புடவையைத் தூளி மாதிரிக் கட்டி, அதுல ஆட்டைப் படுக்க வெச்சு, மாத்தி மாத்தித் தோள்ல தூக்கினாங்க. முன்னாடி குருவம்மாவோட மூத்த ஆடு. செம்மறிக்கு ஒரு குணம், முன்னால போறது எங்கே போகுதோ பின்னால எல்லாம் அங்கேதான் போகும். அப்படியே ஊர் ஆடு அத்தனையும் புழுதி கிளப்பிக்கிட்டு அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்துச்சு.

வாசக்காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "ஏய், ஏய்! யாரு ஆடு இதெல்லாம்?"

குருவம்மா தலை நிமிர்ந்து சொன்னாள்: "ராஜா ஆடு."

 ராஜா ஆட்டை ராஜா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு எப்படிச் சொல்வான்? ஈட்டியை இழுத்துக்கிட்டான். மூத்த ஆடு உள்ளே நுழைஞ்சது. அவ்வளவுதான், எல்லாம் நுழைஞ்சது. பளபளன்னு தேய்ச்சு வெச்ச சபைத் தரையில புழுக்கை உருளுது, பொடபொட பொடபொடன்னு! சிரிக்காதே, தம்பி முழிச்சிடுவான்.

ராஜா சிம்மாசனத்துல இருந்து எழுந்துட்டார். ஏரி மந்திரியும் அங்கேதான் நின்னார். அவர் முந்திக்கிட்டார். "பார்த்தீங்களா மகாராஜா! இளவரசர் பேருல கொடுத்த தானத்தை வேண்டாம்னு திருப்பிக் கொண்டாந்திருக்காங்க. எவ்வளவு கொழுப்பு!"

ராஜா முகம் சிவந்துபோச்சு. "ஏம்மா, நான் கொடுத்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"

குருவம்மா வாயைத் திறந்தாள், காத்துதான் வந்தது. மறுபடி திறந்தாள், மறுபடியும் காத்துதான். மூக்காயி பின்னாலிருந்து, "சொல்லுடி, நான் இருக்கேன்"ன்னாள். மூணாவது தடவை வார்த்தை வந்தது.

"மகாராசா, நீங்க இன்னும் கொடுக்கவே இல்லீங்க."

ராஜா புருவத்தைத் தூக்கினார்.

"அன்னைக்கு அட்சதை போட்டீங்க. தண்ணி ஊத்தலைங்க. நாங்க கை மடக்கலைங்க. அதனால இது உங்க ஆடுங்க. உங்க ஆடு தாகத்துல சாகுது, ஒரு குட்டி செத்தே போச்சு. மடைக்காரரைக் கேட்டேன், மணியக்காரரைக் கேட்டேன், மந்திரி ஐயாவைக் கேட்டேன். யாரோட ஆடோ அவங்கதான் தண்ணி காட்டணும்னு மூணு பேரும் சொன்னாங்க. அதான் கொண்டு வந்தோம். உங்க ஆட்டுக்கு நீங்க தண்ணி காட்டுங்க மகாராசா."

ராஜாவுக்கு அன்னைக்கு நடந்தது ஞாபகம் வந்துடுச்சு. இலையும் ஞாபகம் வந்தது, கெண்டியைக் கீழே வெச்சதும் ஞாபகம் வந்தது. பிள்ளை பேருல கொடுத்த தானம் குறையா நிக்குதேன்னு அவசரமாக் கையை நீட்டினார். "கொண்டா கெண்டியை!"ன்னார்.

ஏரி மந்திரி மனசுக்குள்ளே சிரிச்சார். நல்லதாப் போச்சு, ஒரு சொட்டு ஊத்தினா கதை முடிஞ்சது, ஆடும் தாகமும் இவங்க தலையிலேன்னு நினைச்சார்.

குருவம்மா குழந்தையை மூக்காயி கிட்ட கொடுத்துட்டுக் கையை நீட்டினாள். ராஜா ஊத்தினார். கையில விழுந்த தண்ணி கீழே வழிஞ்சது. வழியற இடத்துல நிறைசினை ஆட்டைக் கொண்டுவந்து படுக்க வெச்சாங்க. அது நாக்கை நீட்டி நக்கிச்சு. அப்புறம் தலையைத் தூக்கிச்சு. அப்புறம் மடக் மடக்குன்னு குடிச்சது. குருவம்மா விரலை மடக்கலை.

கெண்டி காலியாகப் பார்த்துச்சு. நிறுத்தக் கூடாதே! ராஜா ஊத்தறபடியே ஊத்த, கெண்டியோட மேல் வாய்ல ஆளுங்க குடத்துல கொண்டுவந்து நிரப்பினாங்க. மூக்காயி குருவம்மா கைக்குக் கீழே தன் கையைக் குவிச்சாள். அவ கைக்குக் கீழே இன்னொருத்தி கை, அதுக்குக் கீழே இன்னொருத்தி கை. தண்ணி கை மாறிக் கை மாறி ஓடுது, ரெண்டு பக்கமும் ஆடுங்க வாயை வெச்சுக் குடிக்குது. குருவம்மா விரலை மடக்கலை.

சமையக்காரர் ஓடி வந்தார்: "மகாராஜா, உலை வைக்கத் தண்ணி இல்ல!" ராஜா ஊத்தறார். யானைப்பாகன் ஓடி வந்தான்: "மகாராஜா, யானை குடிக்கத் தண்ணி இல்ல!" ராஜா ஊத்தறார். ராணியம்மாவோட தோழி ஓடி வந்தாள்: "மகாராஜா, இளவரசரைக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல!" ராஜாவுக்குத் தோள் கடுக்குது, மூச்சு வாங்குது, ஊத்தறார்.

"அம்மா, கை விட்டுப் போகுதும்மா. போதும்னு விரலை மடக்கேன்."

"மடக்கறேன் மகாராசா. நாளைக்கும் இதுங்களுக்குத் தாகம் எடுக்குமே?"

"எடுக்கும்."

"நாளன்னைக்கு?"

"எடுக்கத்தான் எடுக்கும். அதுக்கு? தினமும் நான் வந்து ஊத்த முடியுமா? இங்கிருந்து கள்ளிமேடு வரைக்கும் என் கை நீளுமா?"

"உங்க பாட்டனார் கை நீண்டுச்சே மகாராசா! ஏரியிலிருந்து எங்க குட்டை வரைக்கும் வாய்க்கால் வெட்டினது யாரு? அது ராஜா கைதானே? அந்தக் கையை நடுவுல யாரோ முறுக்கி வெச்சிருக்காங்க. வந்து பாருங்க. அதுவரைக்கும் நான் மடக்க மாட்டேன்."

சொல்லும்போதும் அவளுக்குப் பயம் போயிடலை. நீட்டின கை மட்டும் அசையலை.

ராஜா என்ன பண்ணுவார்? கெண்டியும் கையுமாப் புறப்பட்டார். ராஜா ஊத்திக்கிட்டே நடக்கிறார், குருவம்மா கையை நீட்டிக்கிட்டே நடக்கிறாள், பக்கத்துல ஆளுங்க தோல்பையில தண்ணி சுமந்துக்கிட்டு நிரப்பிக்கிட்டே வர்றாங்க, பின்னால ஆடு, பின்னால ஊர். ஏரி மந்திரி மெதுவா நழுவப் பார்த்தார். மூக்காயி விடுவாளா? "எங்க சாமி போறீங்க, வழி காட்டுங்க, உங்க வாய்க்கால்தானே"ன்னு குறுக்கே நின்னுட்டாள்.

வந்து பார்த்தால், வாய்க்கால் நேரே கொடிக்காலுக்குள்ள போகுது. உள்ளே கணுக்கால் வரைக்கும் சேறு. தாண்டினதும் மண் கரை. கரைக்கு அந்தப் பக்கம் பொட்டுத் தண்ணி இல்லை, புழுதி பறக்குது.

"இது என்ன மந்திரி?"

"மகாராஜா... தாம்பூலத்துக்குத் தாங்க... தாங்கள் போடற வெத்திலை வாடிடக் கூடாதேன்னு..."

ராஜா வாயில அப்போ வெத்திலை இருந்துச்சு. தூன்னு துப்பினார். "யாரு ஏரி இது?"

"மகாராஜா ஏரி."

"யாரு வாய்க்கால்?"

"மகாராஜா வாய்க்கால்."

"யாரு ஆடு அதெல்லாம்?"

மந்திரி குரலைத் தாழ்த்தினார். "மகாராஜா ஆடு."

"அப்போ என் ஆட்டை என் தண்ணியை வெச்சே கொன்னிருக்கிறீர். என் கை காலியா இல்லை, நீர் வெட்டும்!"

மண்வெட்டியைக் கொடுத்தாங்க. பட்டு வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு மந்திரி வெட்டினார். பழக்கமில்லாத கை, வெட்டத் தெரியாம கரைக்கு நடுவுல நின்னு வெட்டினார். மண் சரிஞ்சது, தண்ணி ஒரே பாய்ச்சலாப் பாய்ஞ்சது, மந்திரியையும் வாரிக்கிட்டுப் போய்க் குட்டையில கொண்டு போட்டது! எழுந்து நிக்கறார், மீசையிலேயும் சேறு, காதிலேயும் சேறு. ஆடுங்க அவரைச் சுத்தி நின்னு நிதானமாத் தண்ணி குடிக்குது.

எல்லா ஆடும் குடிச்சு முடிச்சுத் தலையைத் தூக்கறவரைக்கும் குருவம்மா பார்த்துக்கிட்டே நின்னாள். அப்புறம் ஒவ்வொரு விரலா மடக்கினாள். விறைச்சுப் போன விரல், மடங்கவே நேரமாச்சு. ராஜா கெண்டியை நிமிர்த்திட்டு அப்படியே கரையில உட்கார்ந்துட்டார்.

உட்கார்ந்தபடியே சொன்னார்: "இன்னைக்குத்தான் கொடுத்தேன். இனிமே இந்த நாட்டுல யாருக்கு ஆடு கொடுத்தாலும் மாடு கொடுத்தாலும், முதல்ல தண்ணி போய்ச் சேரட்டும், அப்புறம் ஆடு போகட்டும். தண்ணி போகாத இடத்துக்கு ராஜா தானம் போச்சுன்னு எவனும் என்கிட்ட வந்து சொல்லக் கூடாது. மந்திரி!"

குட்டையிலிருந்து, "மகாராஜா"ன்னு ஈனசுரத்துல ஒரு குரல் வந்தது.

"உமக்கு ஏரி வேலை போச்சு. வேற வேலை தர்றேன். இந்தக் குட்டையைத் தூர் வாரி வெச்சுக்க வேண்டியது நீர். கோடையில தண்ணி குறைஞ்சா, ஏரியிலிருந்து குடம் குடமா உம்ம தோள்ல சுமந்து வந்து ஆட்டுக்கு ஊத்த வேண்டியது நீர். ஊத்தும்போது ஒவ்வொரு ஆட்டுக்கிட்டேயும் போதுமான்னு கேட்கணும். அது போதும்னு சொன்னா நிறுத்தலாம்."

எந்த ஆடாவது போதும்னு சொல்லுமா? நீ எப்பவாவது கேட்டிருக்கியா? மந்திரி கேட்டுக்கிட்டே இருந்தாராம், ஆடு "மே"ன்னுகிட்டே இருந்துச்சாம். மூக்காயி கரையில உட்கார்ந்து, "இன்னும் வேணுமாம் சாமி, ஊத்துங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம்.

குருவம்மாவோட சினை ஆடு அடுத்த நாளே ரெட்டைக் குட்டி போட்டுச்சு. அதுல ஒண்ணை அவள் தூக்கிட்டுப் போய் மூக்காயி மடியில விட்டாள்.

அவ்வளவுதான் கதை. ஆடு மாடுன்னு ஒரு உயிரைக் கையில கொடுக்கிற ராஜா, அது குடிக்கிற தண்ணியையும் கொடுக்கணும். கொடுக்கலைன்னா போய்க் கேட்கணும். பயமா இருந்தாலும் போகணும், பயத்தை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டாவது போகணும்.

கள்ளிமேட்டு ஆடு தண்ணி குடிச்சாச்சு, பட்டிக்கும் போயாச்சு. இனி உங்க கண்ணும் பட்டிக்குப் போகட்டும். மூடுங்க.